எண்ணெயில் கலக்காதவன் எழுத்தில் கலக்கலாமா?

மரச்செக்கு எண்ணெய் என்று கூகுளில் தேடிப் பாருங்கள். வருகிற பக்கங்களில் பத்தைத் திறந்து, கடையின் பெயரை மட்டும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். முன்னோர்கள் வருவார்கள். பாரம்பரியம் வரும். இந்த அவசர உலகத்தில் நாம் எதையோ தொலைத்துவிட்டோம் என்று ஒரு வரி வரும். அப்புறம் 7 நன்மைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பச்சை டிக். கடைசியில் ஆரோக்கிய வாழ்வுக்கு இன்றே முதல் அடி எடுத்து வைக்கச் சொல்லி ஒரு அழைப்பு.

பத்தும் ஒரே ஆள் எழுதினது மாதிரி இருக்கும். ஏறக்குறைய ஒரே ஆள்தான் எழுதியிருக்கிறார். அவருக்கு நிலம் கிடையாது, செக்கு கிடையாது, எண்ணெயை மோந்து பார்க்க மூக்கும் கிடையாது.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. பின்னாடியே ஜெமினி, இன்னும் நாலைந்து. இப்போது எங்கள் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில்கூட, விளைஞ்சதைத் தானே விற்கிற ஆள் யாரைப் பார்த்தாலும் போனில் இதில் ஏதாவது ஒன்று இருக்கிறது. தனி ஆளாக வியாபாரம் பண்றவனுக்குச் சம்பளமில்லாத எழுத்தாளன் ஒருத்தன் கிடைச்சா வேண்டாம்னா சொல்லுவான்? எனக்கும் யோசனை வந்துகொண்டே இருக்கிறது. "மாசத்துக்கு ஒண்ணுதான் எழுதுறீங்கண்ணா. ஏஐகிட்ட குடுங்க, வாரத்துக்கு மூணு போடலாம். கூகுள்ல மேல வந்துடுவீங்க." சொல்கிறவர்கள் என் மேல் அக்கறை உள்ளவர்கள்தான். ஆனாலும் அந்த யோசனை தப்பு. எழுத்தின் அழகு, தமிழின் தூய்மை என்கிற கவலையெல்லாம் இருக்கிறவர்கள் தனியாகப் பேசட்டும். நான் எண்ணெய் விற்கிறவன் என்கிற முறையில் பேசுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. அம்பத்தூரிலோ வேளச்சேரியிலோ உட்கார்ந்துகொண்டு என்னிடம் எண்ணெய் வாங்குகிறீர்களே, உண்மையில் எதை வாங்குகிறீர்கள்?

ஒரு லிட்டர் மல்லாட்டை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வச்சுக்குங்க, அதுவே 300 ஆச்சு. ஒன்றரைக் கிலோ புண்ணாக்கு மிஞ்சும். அதை விற்றால் கொஞ்சம் திரும்பி வரும். அந்தக் காசு ஆட்டுக்கூலிக்கும் பாட்டிலுக்கும் கூரியருக்கும் போய்விடும். சூப்பர் மார்க்கெட்டில் இதைவிட எவ்வளவோ மலிவாக எண்ணெய் இருக்கும்போது நீங்கள் எனக்கு அதிகமாகக் கொடுக்கிறீர்கள். என் நிலத்தை நீங்கள் பார்த்ததில்லை. பாமாயில் கலந்து வாசனை சேர்த்து விற்கிறவனின் பாட்டிலும் என் பாட்டிலும் படத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்ப அந்த அதிகக் காசு எதுக்கு? நான் சொல்கிற சொல்லுக்கு. இந்த ஆள் பொய் சொல்ல மாட்டான் என்று என் எழுத்தைப் படித்து நீங்களாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். அதனால் எண்ணெயோடு சேர்ந்து இந்த எழுத்தும் சரக்குதான். சரக்கில் வேறொன்றைக் கலந்து, சொல்லாமல் விற்றால் அதற்குப் பேர் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

இது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்கிற பேச்சு இல்லை. ஜார்ஜ் அகெர்லாஃப் என்கிற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நல்ல கார் எது, ஓட்டை கார் எது என்று விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவன் எல்லாவற்றுக்கும் ஒரு நடுவாந்தர விலைதான் கொடுப்பான். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவனுக்குக் கட்டாது. அவன் சந்தையை விட்டுப் போய்விடுவான். மிஞ்சுவது ஓட்டை கார் மட்டும்.

எண்ணெய்ச் சந்தையும் அதேதான். கலப்படக்காரனால் இத்தனை நாள் செய்ய முடியாத ஒரு காரியம், விவசாயி மாதிரி எழுதுவது. அதுக்கு மண்ணு தெரியணும், பட்டம் தெரியணும், எப்ப களை வெட்டுவாங்க, எப்ப பிடுங்குவாங்கன்னு தெரியணும். ஏஐ அந்தத் தடையை எடுத்துவிட்டது. இனி அவனும் பாட்டி காலத்துச் செக்கைப் பற்றி உருக்கமாக 500 வார்த்தை போடலாம். அதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் நாமும் போய் அதே குழாயில் தண்ணி பிடித்தால், அவனுக்கும் நமக்கும் வித்தியாசம் காட்ட என்ன இருக்கிறது? நேர்மையான விவசாயி தன் பதிவை ஏஐயிடம் கொடுக்கும்போது லாபம் கலப்படக்காரனுக்குத்தான். அவனை யாரும் இனி பிரித்துப் பார்க்க முடியாது.

இப்போது ஒரு உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். செக்கு எண்ணெய் பக்கங்களில் சாதாரணமாக நீங்கள் பார்க்க முடியாத விஷயம்.

மல்லாட்டை பிடுங்குகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் காய் கறுக்கும், சிலது முளைவிடும், பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணத்தில் ஒரு வகை அஃப்ளாடாக்சின் என்கிற நஞ்சை உண்டாக்கும். தொடர்ந்து உள்ளே போனால் கல்லீரல் கெடும், புற்றுநோய் வரைக்கும் போகும். பூசணக் காயை ஆட்டினால் நஞ்சில் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கும், கொஞ்சம் எண்ணெயில் வரும். ரீஃபைண்ட் செய்கிற ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது எண்ணெயில் வந்த நஞ்சு பெரும்பாலும் போய்விடும். செக்கு எண்ணெயில் அந்த வேலையே கிடையாது. தெளிய வைப்போம், துணியில் வடிகட்டுவோம், அவ்வளவுதான். ஆக, எதை நாங்கள் பெருமையாகச் சொல்லி விற்கிறோமோ, அந்த ரீஃபைண்ட் பண்ணாத தன்மைதான் இங்கே பொறுப்பையும் எங்கள் தலையில் கட்டுகிறது. காயைச் சலசலவென்று சத்தம் வருகிற வரைக்கும் காய வைப்பதும், உடைத்த பிறகு சுருங்கின பருப்பு, நிறம் மாறின பருப்பு, பூசணம் பிடித்த பருப்பை உட்கார்ந்து பொறுக்கி எறிவதும்தான் உங்களுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு. புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. நஞ்சு பாலிலும் வரும். அதனால் புண்ணாக்குதானே என்றும் விட முடியாது.

இந்த வருஷம் ஆடிப் பட்டத்து மல்லாட்டையைப் புரட்டாசிக் கடைசியில் பிடுங்கிப் போட்டிருந்தோம். ஆய்வதற்குள் நாலு நாள் மழை. 11 மூட்டையில் 3 மூட்டை தேறவில்லை. எண்ணெய்க்கும் போடவில்லை, மாட்டுக்கும் வைக்கவில்லை. குப்பைக்குழிக்குப் போனது. மிச்சத்தை நாலு பொம்பளைங்க இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கினார்கள். அந்தக் கூலி உங்கள் பாட்டில் விலையில் ஏறியிருக்கிறது.

"மரச்செக்கு எண்ணெய் பற்றி ஒரு பதிவு எழுது" என்று ஏஐயைக் கேட்டால் இந்த 3 மூட்டை வருமா? அதுக்கு அஃப்ளாடாக்சின் தெரியாது என்று நான் சொல்லவில்லை. கேட்டால் என்னைவிட விளக்கமாகவே சொல்லும். ஆனா விற்கிறவன் எவன் அதைக் கேட்பான்? அவன் நன்மைகளைக் கேட்பான், அது நன்மைகளைக் கொடுக்கும். ஏஐ எழுதுகிற கிராமத்தில் எல்லா வருஷமும் நல்ல வருஷம். காலையில் சேவல் கூவும், மண் மணக்கும், உழவன் சிரிப்பான். பூசணம் பிடிக்காது, கூலிக்கு ஆள் கிடைக்காமல் போகாது, மோட்டார் காயில் கருகாது, காட்டுப்பன்றி வராது.

"சரிண்ணா, அந்த 3 மூட்டையையும் நீங்களே அதுகிட்ட சொல்லிட்டா அழகா எழுதித் தருமே?" என்று கேட்பீர்கள். நான் சொல்லிவிட்டேன் என்றால் எழுதியாச்சு என்று அர்த்தம். மேலே எட்டுப் பத்து வரியில் சொன்னேனே, அதில் என்ன குறை? அதை 500 வார்த்தையாக ஊதித் தரச் சொன்னால், கூடுதலாக வருகிற ஒவ்வொரு வரியும் நான் பார்க்காத வரி, நான் செய்யாத வேலை. குப்பைக்குழிக்குப் போனதை "இயற்கையின் சவால்களை எதிர்கொண்டு தரத்தில் சமரசமின்றி" என்று மாற்றி வைக்கும். அந்த வரியில் 3 மூட்டை எங்கே இருக்கிறது?

இன்னொரு வாதமும் உண்டு. இது கொஞ்சம் பலமானது. "எழுதத் தெரியாதவனுக்கு யாராவது எழுதிக் கொடுக்கிறது புதுசா என்ன? தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் இல்லையா?"

இருக்கிறார். அவர் எப்படி எழுதுகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். உட்கார்ந்ததும் எழுத ஆரம்பிக்க மாட்டார். கேள்வி கேட்பார். சர்வே நம்பர் என்ன? பட்டா யார் பேரில் இருக்கு? அப்பா எப்ப காலமானார்? இறப்புச் சான்று இருக்கா? வரப்பை எந்தப் பக்கம் வெட்டினான், கிழக்கா மேற்கா? நமக்குத் தெரியவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, "போய் வி.ஏ.ஓ.கிட்ட கேட்டுட்டு வா" என்பார். அவர் நம் வாயிலிருந்து வந்ததை ஆபீசுக்கு ஏற்ற தமிழில் போட்டுக் கொடுக்கிறார். தனக்குத் தெரியாததை அவர் எழுதுவதில்லை. தப்பான சர்வே நம்பரைப் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மறுநாளும் அதே மரத்தடியில்தான் அவர் உட்கார்ந்தாக வேண்டும்.

ஏஐ வேலை செய்கிற விதம் வேறு. ஏராளமான எழுத்தைப் படித்து, இந்தச் சொல்லுக்கு அடுத்தது எந்தச் சொல் வரலாம் என்று கணித்துப் போட்டுக்கொண்டே போகிறது. காலியான இடத்தை விட்டுவைப்பதைவிட நிரப்புவதுதான் அதன் பழக்கம். என்னைக் கேள்வி கேட்காமலே என் நிலத்தைப் பற்றி எழுதிவிடும். மனு எழுதுகிறவர் நான் சொன்னதை எழுதுகிறார். இது ஊரெல்லாம் சொன்னதை என் பேரில் எழுதுகிறது.

ஊரெல்லாம் சொன்னது என்றால் அதில் என்னென்ன இருக்கும்? போன மாதம் சென்னையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்கள். என்னிடம் ரெண்டு வருஷமாக எண்ணெய் வாங்குகிறவர்கள். வேறொரு விற்பனையாளரின் பதிவைப் படித்திருக்கிறார்கள். "தம்பி, கருப்புக் கவுனி தொடர்ந்து சாப்பிட்டா சர்க்கரை மாத்திரையை நிறுத்திடலாமாமே, நிஜமா?" என்று கேட்டார்கள். எனக்குப் பகீர் என்றது. "மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்கம்மா, டாக்டரைக் கேளுங்க" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்தேன். எழுதின பையனை எனக்குத் தெரியும், பேர் வேண்டாம். நல்ல பையன். "நீயா எழுதின?" என்று கேட்டேன். "ஏஐ குடுத்துச்சுண்ணா, எல்லாரும் அப்படித்தான போட்டிருக்காங்க" என்றான்.

எல்லாரும் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் அது கொடுத்தது. அதன் முகம் தெரியாத எஜமானர்கள் இதே பொய்யை வருஷக்கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த அரிசியாக இருந்தாலும் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு மாவுச்சத்துதான். பட்டை தீட்டாத அரிசியில் நார்ச்சத்து கூடுதல், சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறலாம். அளவு மீறினால் கவுனியும் ஏற்றத்தான் செய்யும். அரிசி விற்கிற எங்களுக்கு இது தெரியும். அந்தப் பையனுக்கும் தெரியும். அவன் வாயால் அந்த அம்மாவிடம் நேரில் சொல்லியிருக்க மாட்டான். தன் கையால் எழுதியிருந்தால் அந்த வரி வருகிறபோது கை கொஞ்சம் நின்றிருக்கும். நிற்கிற கை இல்லாத இடத்தில் இருந்து வந்ததால் நிற்காமல் வந்துவிட்டது.

சட்டமும் நிற்காது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 53-வது பிரிவு, உணவுப் பொருளைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. அன்றைக்கு நோட்டீஸ் யார் வீட்டுக்கு வரும்? சாட்ஜிபிடி வீட்டுக்கா? சொல் அதனுடையது, பேர் நம்முடையது, பழியும் நம்முடையது. இப்படி ஒரு வேலைக்காரனை வயலில் ஒருநாள் வைத்துக்கொள்வோமா?

வார்த்தை விஷயமும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை தேய்ந்து வந்த பேர். கடல் கடந்து வந்த பயிர் என்கிற சரித்திரமே அந்தப் பேருக்குள் இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் கடலைக்காய். ஏஐ எல்லாருக்கும் நிலக்கடலை என்று போட்டு வைக்கும். மல்லாட்டையை நாங்கள் "அறுவடை" செய்வதில்லை. பிடுங்குவோம், ஆய்வோம், காய வைப்போம், உடைப்போம். நாலும் நாலு வேலை, நாலுக்கும் கூலி வேறு. அறுவடை என்று ஒரே சொல்லில் முடித்தால் வெயிலில் உட்கார்ந்து காய் ஆய்கிறவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

கணினிக்காரர்களுக்கும் இதில் ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது. ஏஐ எழுதினதையே திரும்பத் திரும்ப ஏஐக்குப் படிக்கக் கொடுத்தால், அரிதான விஷயங்கள் முதலில் மறைந்து, கடைசியில் அது குழம்பிப்போகிறது என்று 2024 ஜூலையில் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. விவசாயிக்கு இது புரிய ஆய்வு தேவையில்லை. விதைக்கு எடுத்து வைக்காமல் எல்லாவற்றையும் செக்கில் போட்டால் அடுத்த பட்டத்துக்கு எதை ஊன்றுவது? தமிழில் கிராமத்து வேலையைப் பற்றி இணையத்தில் இருக்கிற எழுத்தே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை எழுத வேண்டிய நாங்களே இயந்திரத்தை எழுத விட்டால், நாளைக்கு அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஒன்றும் இருக்காது.

கூகுளில் மேலே வருவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளை மாற்றி, தேடலில் இடம் பிடிப்பதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்கிற பக்கங்களை ஸ்பாம் கணக்கில் சேர்த்தது. மனுஷன் எழுதினாலும் சரி, இயந்திரம் எழுதினாலும் சரி. அந்த விதி எவ்வளவு சரியாக நடக்கிறது என்பதை விடுங்கள். என்னிடம் இருப்பதே வருஷத்துக்குச் சில நூறு லிட்டர். வாரம் 3 பதிவு போட்டு ஆயிரம் பேரைக் கூட்டி வந்தால் எண்ணெய்க்கு எங்கே போவது? வெளியில் வாங்கி ஊற்றத்தான் வேண்டும். கலப்படம் பல இடத்தில் கெட்ட எண்ணத்தில் ஆரம்பிப்பதில்லை. இருப்பதற்கு மேல் ஆர்டர் எடுப்பதில்தான் ஆரம்பிக்கிறது.

நான் இயந்திரத்துக்கே விரோதி இல்லை. செக்கும் இயந்திரம்தான், மாட்டுக்குப் பதில் இன்று மோட்டார் சுற்றுகிறது. பெங்களூரிலிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டால் பதிலை ஏஐயிடம் மொழிபெயர்க்கக் கொடுக்கலாம். கூரியர் பட்டியல், வரவு செலவுக் கூட்டல், எழுத்துப்பிழை பார்ப்பது, எல்லாம் கொடுக்கலாம். எழுத வராதவர்கள் போனில் பேசினால் அது எழுத்தாக்கித் தருகிறது. அது பெரிய உபகாரம். அங்கே சொல் உங்களுடையது. பத்து வரிதான் வருகிறதா, பத்து வரியே போடுங்கள். "மழை, 3 மூட்டை போச்சு, தை மாசம்தான் எண்ணெய்" என்று மூன்றே விஷயம் போதும். படிக்கிறவர்களுக்குப் புரியும்.

ஒரே கோடுதான் நான் போடுகிறேன். நான் பார்த்தேன், நான் செய்தேன், என் சரக்கு இப்படி என்று சாட்சி சொல்கிற இடத்தில் பார்க்காதவனை உட்கார வைக்கக் கூடாது. கோர்ட்டில் அதற்குப் பொய்ச்சாட்சி என்று பெயர். சாட்சி எவ்வளவு நல்ல தமிழில் பேசினாலும் பொய்ச்சாட்சிதான்.

கடைசியாக, நகரத்தில் இருக்கிற உங்களுக்கு. இந்த வியாபாரம் எப்படிப் போகும் என்பது எங்கள் கையில் பாதிதான், மிச்சம் உங்கள் கையில். அழகான பக்கத்தைப் பார்த்து ஆர்டர் போட்டால் எல்லாரும் அழகான பக்கத்தைத்தான் செய்வார்கள். அடுத்த தடவை யாரிடம் எண்ணெயோ அரிசியோ வாங்கினாலும், என்னையும் சேர்த்து, மூணு கேள்வி கேளுங்கள். இது எந்தப் பட்டத்துச் சரக்கு? மொத்தம் எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு விற்பனைக்கு? இந்த வருஷம் என்ன கெட்டுப் போச்சு?

மூன்றாவது கேள்விக்கு "எதுவுமே கெடலைங்க" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். விவசாயத்தில் அப்படி ஒரு வருஷம் நான் இன்னும் பார்க்கவில்லை.